அம்மா பார்த்த முதல் மேட்ச்

79 வயது அம்மாவை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் மேட்ச் பார்க்கப் போனேன் என்று சொன்னால் சிரிக்க மாட்டீர்களே? அதுவும் டிக்கெட் வாங்கி, கூட்டத்தில் இடிபட்டு, டி.வி.யில் முகம் தெரிகிறதா என்று கையை ஆட்டிவிட்டு வருகிற பெரிய மேட்ச் இல்லை. சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்குப் பக்கத்திலேயே, காமராஜர் சாலையை ஒட்டி மெரினா மைதானம் என்று ஒன்று இருக்கிறது. வாரம் பூராவும் ஆபீசில் ஃபைல் பார்த்தவர்களும், கல்லூரிப் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு வந்து ஆடுகிற இடம். பார்க்க வருகிறவர்கள் என்று யாரும் கிடையாது. ஆட்டக்காரர்களின் ஸ்கூட்டர்கள்தான் ரசிகர்கள்!

அப்பா இருந்த வரைக்கும் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் இந்த மாதிரி மைதானம்தான். திருவல்லிக்கேணியில் ஒண்டுக் குடித்தனம். அரசாங்க ஆபீசில் கிளார்க் வேலை. பேட்டைப் பையன்கள் சேர்ந்து நடத்திய ஒரு சின்ன கிளப்பில் அப்பா பவுலர். கல்யாணமான 1966-லிருந்து இருபது வருஷத்துக்கு மேல், காலை ஏழரை மணிக்குத் தோளில் ஒரு கான்வாஸ் பையுடன் கிளம்பிவிடுவார். பொழுது சாயும்போது வருவார். அம்மா தயிர் சாதம் கட்டிக் கொடுப்பாள். திங்கட்கிழமை அந்த வெள்ளை பேன்ட்டையும் சட்டையையும் துவைத்துக் காயப்போடுவாள். மைதானம் எங்கள் வீட்டிலிருந்து கால் மணி நேர நடை. ஆனால் ஒருநாள், ஒரே ஒரு நாள் கூட அம்மா போய்ப் பார்த்ததில்லை.

"ஏம்மா போகலே?" என்று கேட்டால் பதில் வராது. மாமியார், மூன்று குழந்தைகள், ஞாயிற்றுக்கிழமை வருகிற விருந்தாளிகள்... இதெல்லாம் நமக்கே தெரிந்ததுதானே. அண்ணாவை மட்டும் அப்பா சில நாள் கூட்டிக்கொண்டு போவார். நான் அழுது பார்த்ததுண்டு. "அங்கே பொம்பளைப் பசங்க யாரும் வரமாட்டாங்கம்மா" என்று சமாதானம் சொல்லிவிட்டு, அப்பா தன் கான்வாஸ் ஷூவுக்கு வெள்ளை பூசுகிற வேலையை எனக்குக் கொடுப்பார். சனிக்கிழமை சாயங்காலம் ஷூ இரண்டும் ஜன்னல் விளிம்பில் காய்ந்துகொண்டிருக்கும். எனக்கும் கிரிக்கெட்டுக்கும் இருந்த சம்பந்தம் அவ்வளவுதான்.

அப்பா 2022-ல் போய்விட்டார். அதற்கப்புறம் அம்மா என்னோடு வேளச்சேரியில் இருக்கிறாள். டி.வி.யில் மேட்ச் வைத்தால் பார்ப்பாள். ஆனால் ஐந்து நிமிஷத்தில், "இவங்க எல்லாம் கலர் கலரா போட்டுண்டு ஆடறாங்க, ஒண்ணும் புரியலே" என்று எழுந்து போய்விடுவாள். கலர் சட்டையில் புரியாமல் போக என்ன இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

போன மாசி மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி திடீரென்று சொன்னேன். "அம்மா, நாளைக்கு உன்னை மெரினா கிரவுண்டுக்கு அழைச்சுண்டு போறேன்."

"அங்கே யாருடி இருக்கா?"

"யாராவது ஆடிண்டு இருப்பாங்க. பார்த்துட்டு வரலாம்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து போய் அரிசி களைய ஆரம்பித்துவிட்டாள். காலையில் செய்ய வேண்டிய தயிர் சாதத்துக்கு ராத்திரியே என்ன அவசரம் என்று கேட்டிருப்பேன், ஏனோ கேட்கவில்லை.

வயதானவர்களை ஒரு முழு நாள் வெளியே அழைத்துப் போவதென்றால் முன்யோசனை வேண்டும். அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை உண்டு. வயது ஆக ஆக தாகம் எடுப்பது குறைந்துவிடும். உடம்புக்குத் தண்ணீர் வேண்டியிருந்தாலும் நாக்கு கேட்காது. அதனால் அரை மணிக்கு ஒருதரம் இரண்டு வாய் குடிக்கச் செய்வது என்று முதலிலேயே தீர்மானம் பண்ணிக்கொண்டேன். மோரில் வழக்கமாகப் போடுகிற உப்பில் பாதிதான் போட்டேன். குடை, உட்காரச் சின்ன மெத்தை, விளிம்பு வைத்த ஒரு தொப்பி. (தொப்பியை அம்மா கடைசி வரைக்கும் போட்டுக்கொள்ளவில்லை, அது வேறு விஷயம்.) முக்கியமாக இன்னொன்று. பெரும்பாலான மைதானங்களில் பெண்களுக்குக் கழிப்பறை வசதி கிடையாது. இதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறோம் பாருங்கள், அதுதான் ஆபத்து. திருவல்லிக்கேணியில் இன்னும் இருக்கிற எங்கள் பழைய பக்கத்து வீட்டு மாமிக்குப் போன் பண்ணி, நடுவில் ஒருதரம் வருவோம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வெயிலைச் சும்மா நினைத்துவிட வேண்டாம். 1986 செப்டம்பரில் இதே சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடி, கடைசியில் இரண்டு பக்கமும் சமமாக முடிந்ததே ஒரு டெஸ்ட், ஞாபகம் இருக்கிறதா? அதில் டீன் ஜோன்ஸ் என்கிறவர் 210 ரன் எடுத்தார். எடுத்த பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் சலைன் ஏற்ற வேண்டியதாயிற்று. இருபத்தைந்து வயது விளையாட்டு வீரருக்கே அந்தக் கதி. நாம் எம்மாத்திரம்!

தயிர் சாதம் மதியம் வரை புளிக்காமல் இருக்க அம்மா ஒரு முறை வைத்திருக்கிறாள். சாதத்தைக் குழைய வடித்து, காய்ச்சின பாலைத் தாராளமாக விட்டு மசித்து, நன்றாக ஆறின பிறகு ஒரே ஒரு ஸ்பூன் தயிர் விட்டுக் கலந்துவிடுவாள். பன்னிரண்டு மணிக்குத் திறந்தால் அப்போதுதான் சரியாக உறைந்திருக்கும். கூடவே நாரத்தங்காய். இருபது வருஷம் மைதானத்துக்குப் போன சாதம் இது. அது எங்கே திறக்கப்பட்டது, எப்படிச் சாப்பிடப்பட்டது என்று மட்டும் அம்மாவுக்குத் தெரியாது.

பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணி வந்து இறங்கினோம். ஆட்டோ பிடித்து முதலில் ரத்னா கஃபே. 1948-லிருந்து இருக்கிற ஓட்டல். இட்லி தெரியாமல் சாம்பாரை ஊற்றுகிற வழக்கம் இன்றைக்கும் மாறவில்லை. அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, "உங்கப்பா ஜெயிச்ச அன்னிக்கு இங்கேதான் எல்லாரும் வருவாங்களாம்" என்றாள். "தோத்தா?" என்றேன். "தோத்தாலும் இங்கேதான்" என்று சிரித்தாள்.

மைதானத்துக்குள் நுழையும்போது ஒன்பதரை இருக்கும். ஒரு பக்கம் ஸ்டேடியத்தின் விளக்குக் கம்பங்கள் வானத்தில் நிற்கின்றன. இன்னொரு பக்கம் சாலையைத் தாண்டினால் கடல். ஓரமாக ஒரு சின்ன ஷாமியானா. அதன் கீழே நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள், தண்ணீர் கேன், மலை மாதிரி பைகள். ஒரு ஆபீஸ் அணிக்கும் ஒரு பேட்டை அணிக்கும் முப்பது ஓவர் ஆட்டம். எங்களைப் பார்த்ததும் ஒரு பையன் ஓடி வந்தான். யாரையோ தேடிக்கொண்டு வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டான். "சும்மா பார்க்க வந்தோம்ப்பா" என்றதும் அவனுக்கு நம்பிக்கையே வரவில்லை. ஆனாலும் இரண்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்து நிழலில் போட்டான். வாழ்க அவன் குலம்!

அம்மா முதலில் கேட்டது, "பாய் எங்கே?"

எனக்கு விளங்கவில்லை. அந்தப் பையனுக்கு விளங்கிவிட்டது. "இங்கே புல் பிட்ச்தான் பாட்டி. மேட் போடலை" என்றான். அப்போதெல்லாம் சின்ன டிவிஷன்களில் கயிற்றுப் பாய் விரித்து, நான்கு பக்கமும் ஆணி அடித்து, அதன்மேல் ஆடுவார்கள். பாயில் விழுந்த பந்து நன்றாக எழும்பும். அந்தப் பாயை விரிக்கவும் சுருட்டவும் போவதால்தான் அப்பா சீக்கிரம் போய்த் தாமதமாக வருகிறார் என்பது அம்மா கேட்டு வைத்திருந்த கணக்கு.

ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த கிரிக்கெட், பந்து வேலிக்குப் போனால் நாலு, பறந்து போனால் ஆறு. அம்மா கண்ணைச் சுருக்கி உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிஷம் கழித்து, "அந்த ஒல்லிப் பையன் இருக்கானே, மரத்துக்கிட்டே நிக்கறவன், அவன்தான் அடுத்தாப்பலே போடப் போறான் பாரு" என்றாள்.

அப்படியே அவன் வந்தான். பந்தை வாங்கிக்கொண்டு ஓடி வந்து போட்டான்!

"எப்படிம்மா சொன்னே?"

"வலது தொடையிலே பாரு. சிவப்பா இருக்கு. இப்போ ஆடறதுக்கு முன்னாடியே அவன் ஒரு தடவை போட்டுட்டான். மத்தவங்க பேன்ட்டிலே அவ்வளவு இல்லே."

பிறகுதான் கவனித்தேன். பந்தின் ஒரு பக்கத்தை மட்டும் பளபளப்பாக வைத்துக்கொள்வதற்காக, பந்து போடுகிறவர்கள் அதைத் தொடையில் தேய்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு பக்கம் வழவழப்பு, ஒரு பக்கம் சொரசொரப்பு என்று இருந்தால் பந்து காற்றில் வளையுமாம். தோலில் ஏற்றிய சிவப்புச் சாயம் துணியில் இறங்கிவிடுகிறது. அதற்கப்புறம் அம்மா பொழிந்து தள்ளினாள். இடது முழங்காலில் மண் அப்பியிருந்தால் விழுந்து தடுக்கிறவன். இரண்டு முழங்காலிலும் பச்சையாகத் தேய்ந்திருந்தால் பேட்ஸ்மேனுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுகிறவன், விக்கெட் கீப்பர். கறையே இல்லாதவன் சீக்கிரம் அவுட் ஆனவன். "இல்லேன்னா கேப்டன்" என்று சேர்த்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களுடைய கேப்டனுக்குத்தான் முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

டி.வி.யில் கலர் சட்டை போட்டு ஆடினால் அம்மாவுக்கு ஏன் புரியவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா கிரிக்கெட்டைப் பார்த்ததில்லை, துவைத்திருக்கிறாள்.

"எச்சில் தொட்டுத் தேய்ப்பாங்களே, இவன் தேய்க்கலையே?" என்றாள் ஒருதரம். கொரோனா வந்தபோது 2020-ல் எச்சில் தொடக்கூடாது என்று தடை போட்டு, 2022-ல் அதையே நிரந்தர விதியாக்கிவிட்டார்கள் என்று பையன் சொன்னான். வியர்வை தொடலாமாம். "நல்லதாப் போச்சு. அந்தக் கறைதான் லேசிலே போகாது" என்றாள் அம்மா, பெரிய பாரம் இறங்கின மாதிரி.

கறை எடுக்கும் முறையை வாசகிகளுக்குச் சொல்லாமல் விட்டால் என்னைச் சும்மா விடமாட்டீர்கள். அம்மா சொன்னபடியே தருகிறேன். சிவப்புக் கறையில் வெந்நீர் ஊற்றவே கூடாது, பிடித்துக்கொண்டுவிடும். பச்சைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்து, பார் சோப்பைக் கறைமேல் மட்டும் வழித்துத் தடவி, உள்ளங்கையால் கசக்க வேண்டும். பிரஷ் போட்டால் துணி போய்விடும். பிறகு சோப்போடேயே அரைமணி வெயிலில் வைத்து அலச வேண்டும். கடைசி அலசலில் நீலம். அந்நாளில் நீலப் பொடியைத் துணியில் முடிந்து தண்ணீரில் ஆட்டுவாள். இப்போது சொட்டு நீலம். சாதம் வடித்த கஞ்சியில் ஒரு முக்கு. இப்படி மாதத்துக்கு நாலு தடவை, இருபது வருஷம்!

பதினொன்றரை மணிக்கு மேல் கடல் காற்று வந்தது. காலையெல்லாம் அசையாமல் இருந்த ஷாமியானாவின் ஓரம் படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. வெயில் ஏற ஏறத் தரை சீக்கிரம் சூடாகிவிடுகிறது, கடல் அவ்வளவு சீக்கிரம் சூடாவதில்லை. சூடான காற்று மேலே எழும்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது என்று பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்தக் காற்று குறுக்கே அடிக்கும்போதுதான் தன் பந்து வளையும் என்று அப்பா சொல்லுவார். அம்மா முகத்தைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு சொன்னாள்.

"நம்மாத்து மொட்டை மாடியிலே கொடியிலே துணி போட்டிருப்பேனோல்லியோ. காத்து வந்ததும் எல்லாத் துணியும் மேற்கே பார்த்து ஆடும். சரி, இப்போ அவர் போட ஆரம்பிச்சிருப்பார்னு நினைச்சுப்பேன்."

ஸ்கோர் எழுதுகிற பையன் எங்களுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தான். மடியில் பெரிய நோட்டு, பக்கத்தில் செல்போன். போனிலும் ஏற்றுகிறான், நோட்டிலும் எழுதுகிறான். அம்மா மெள்ள நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். ரன் இல்லாத பந்துக்கு ஒரு புள்ளி. ஆறு பந்திலும் ரன் இல்லையென்றால் ஆறு புள்ளிகளையும் கோடு இழுத்து 'எம்' என்கிற எழுத்தாக ஆக்கிவிடுகிறான். மெய்டன் ஓவர் என்று அர்த்தம். அதிலேயே விக்கெட்டும் விழுந்துவிட்டால் கோட்டைத் திருப்பி இழுத்து 'டபிள்யூ'. நம் புள்ளிக் கோலம்தான், வேறென்ன! அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் விரல்களைப் பார்த்தாள்.

"இங்க் ஒட்டலையேப்பா கையிலே?"

"பால் பாயின்ட் பாட்டி. ஒட்டாது."

"அப்போ எல்லாம் இங்க் பேனா" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, ஏதோ கடைக் கணக்குச் சொல்கிற குரலில் சொல்ல ஆரம்பித்தாள்.

1983-ல் சென்னையில் வந்த தண்ணீர்ப் பஞ்சம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்த காலம். எங்கள் குடித்தனத்தில் ஐந்து குடும்பத்துக்கு ஒரு குழாய், அதுவும் காற்றுதான் விடும். ஒரு திங்கட்கிழமை அம்மா அந்த வெள்ளை பேன்ட்டைத் தூக்கி அப்பா முன்னால் போட்டுவிட்டாள். "இருக்கிற ஒரு வாளித் தண்ணியிலே நான் சாதம் வடிக்கறதா, உங்க பேன்ட்டை அலசறதா? நாப்பத்தஞ்சு வயசிலே என்ன விளையாட்டு வேண்டியிருக்கு?" அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கோடை முழுக்க மேட்ச் முடிந்ததும் யாரோ நண்பர் வீட்டுக் கிணற்றடியில் தாமே அலசிப் பிழிந்து எடுத்துக்கொண்டு வந்தார். "கறை அப்படியே இருக்கும். அவருக்குக் கசக்கத் தெரியாது" என்றாள் அம்மா.

மழை வந்தது. தண்ணீர் வந்தது. பேன்ட்டும் பழையபடி அம்மாவிடம் வந்தது.

"ஆனா அடுத்த வருஷத்திலேருந்து பேன்ட்டிலே சிவப்பே இல்லேடி. முழங்கால்லே மண்ணும் இல்லே. சும்மா உட்கார்ந்த மடிப்புதான் இருக்கும். அதுக்குப் பதிலா சட்டைப் பையிலே நீலமா ஒரு பொட்டு, கை நுனியிலே ஒரு இழுப்பு. விரல்லேயும் இங்க். எனக்குப் புரிஞ்சு போச்சு. நோட்டு எழுத உட்கார்த்தி வச்சுட்டாங்க."

"அப்பா சொல்லலையா?"

"அவர் பொய்யும் சொல்லலே. 'ஜெயிச்சோம்'பார், 'தோத்தோம்'பார். 'நான் ரெண்டு விக்கெட் எடுத்தேன்'னு அதுக்கு முன்னாடி சொல்லுவார், அப்புறம் சொல்லலே. நானும் கேக்கலே. சுத்தமா இருக்கிற பேன்ட்டை ஊற வச்சு, சோப்புப் போட்டு, நீலம் போட்டு, கஞ்சி போட்டு நாலு வருஷம் காயப்போட்டேன்."

எனக்குத் தொண்டையை அடைத்தது. அந்த நாலு வருஷமும் நானும் அதே வீட்டில்தான் இருந்தேன். ஷூவுக்கு வெள்ளை பூசினேன். காலேஜில் படித்துக்கொண்டிருந்த அண்ணாவுக்கும் தெரியாது. வீட்டில் ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கிறது. அவளிடம் யாரும் சொல்லவில்லை.

அம்மா அந்தப் பையனைக் கூப்பிட்டாள். "ஏம்ப்பா, இந்த மாதிரி பந்து போடறவங்க எத்தனை வயசு வரைக்கும் போடலாம்?"

"ஃபாஸ்ட் பவுலரா பாட்டி? முப்பத்தஞ்சு தாண்டினாலே கஷ்டம். நாற்பதுக்கு மேலே தோள் விடாது."

"நாப்பத்தஞ்சு?"

"சான்ஸே இல்லே!"

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். "அப்போ தண்ணியாலே இல்லே" என்றாள். கேள்வியா, பதிலா என்று எனக்குத் தெரியவில்லை. உடனே பையைத் திறந்து தயிர் சாதத்தை எடுத்து வைத்துவிட்டாள். ஸ்கோர் பையனுக்கும் ஒரு கை உண்டு. அவன் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் புள்ளி வைத்தான்.

சாப்பிட்டுக் கை கழுவினோமோ இல்லையோ, ஒரு பந்து உருண்டு வந்து அம்மாவின் காலடியில் நின்றது. துரத்திக்கொண்டு வந்த பையன் நாலடி தள்ளி நின்றுவிட்டான். அம்மா குனிந்து, ஈரக் கையோடு புடவைத் தலைப்பால் அதை எடுத்தாள். சுமார் 160 கிராம் இருக்கும் ஒரு கிரிக்கெட் பந்து. உள்ளே தக்கையும் நூலும், மேலே தோலும் தையலும். "இவ்வளவு கனமாவா இருக்கும்?" என்று கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். தையலின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். பதினொரு பேரும் இரண்டு அம்பயர்களும் காத்துக்கொண்டிருக்கிறார்கள்!

"பாட்டி... பந்து" என்றான் பையன், மிகவும் பணிவாக. கொடுத்தாள்.

நடுவில் மாமி வீட்டுக்குப் போய்க் காபி சாப்பிட்டு, கொஞ்சம் காலை நீட்டிக்கொண்டு மறுபடியும் வந்தோம். ஆபீஸ் அணி ஜெயித்துவிட்டது. ஒல்லிப் பையன் மூன்று விக்கெட். அவனுடைய தொடை வெற்றிலை போட்ட வாய் மாதிரி இருந்தது. யார் அதைத் துவைக்கப் போகிறார்களோ!

சாயங்காலம் சாலையைக் கடந்து மணலில் இறங்கினோம். அங்கே வேறு கிரிக்கெட். டென்னிஸ் பந்து, செருப்பை அடுக்கி வைத்த ஸ்டம்ப், அலைக்கு அந்தப் பக்கம் போனால் அவுட். ஒரு கும்பலில் பத்துப் பன்னிரண்டு வயசுப் பெண் ஒருத்தி, பையன்களுக்கு நடுவே பின்னலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பேட் பிடித்தாள். கோச்சிங் கிளாஸ் போகிறாளாம். வெள்ளை பேன்ட்டையே மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். இப்போது இதில் ஆச்சரியம் இல்லை. 1976-ல் இந்தியப் பெண்கள் முதல் டெஸ்ட் ஆடியபோது அதற்குத் தலைமை தாங்கிய சாந்தா ரங்கசாமி நம் சென்னையில் பிறந்தவர். 2024-ல் சேப்பாக்கத்திலேயே தென்னாப்பிரிக்காவோடு நடந்த பெண்கள் டெஸ்டில் நம்மவர்கள் 600 ரன்னைத் தாண்டி அடித்தார்கள். ஷஃபாலி வர்மா என்கிற இருபது வயதுப் பெண் 205. அப்பாவுடைய கிளப்பில் "பொம்பளைப் பசங்க வரமாட்டாங்க" என்று அழுகையை அடக்கிக்கொண்டு நின்றவளுக்கு, இதையெல்லாம் எழுதும்போது கொஞ்சம் பொறாமைகூட வருகிறது.

அம்மாவுக்கு இந்தச் சரித்திரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெண்ணைக் கிட்டே கூப்பிட்டுக் கேட்டாள்.

"உன் பேன்ட்டை யாரு துவைக்கறாங்கம்மா?"

"எங்கப்பா. மெஷின்லே போடுவாரு."

"வெந்நீரா, பச்சைத் தண்ணியா?"

"தெரியலியே பாட்டி."

"பச்சைத் தண்ணியிலே போடச் சொல்லு" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள்.

ரயிலில் திரும்பும்போது ஜன்னல் ஓரத்தில் அம்மா தூங்கிவிட்டாள். வெளிர் சந்தன நிறப் புடவை. தலைப்பில், ஈரக் கையால் பந்தைப் பிடித்த இடத்தில் ஐந்து ரூபாய் அகலத்துக்குச் சிவப்பு. வீட்டுக்கு வந்ததும் நான் முதல் வேலையாக அதைப் பார்த்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவளே பாத்ரூமில் வாளியை நிரப்பும் சத்தம் கேட்டது.

மறுநாள் பால்கனிக் கொடியில் புடவை ஆடிக்கொண்டிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். வெளிறிப் போய், ஆனால் இருந்தது.

"முழுசாப் போகலையேம்மா?"

"அது முழுசா எப்பவும் போனதில்லே. நீலம் போட்டா கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்" என்றாள் அம்மா, கிளிப்பை இன்னொருதரம் அழுத்திக்கொண்டே. "அது கிடக்கட்டும். அடுத்த ஞாயித்துக்கிழமை அங்கே யாரு யாருக்கு மேட்ச்னு உன் பிள்ளையைப் போன்லே பார்க்கச் சொல்லு."